நாள்பட்ட நோய், மாற்றுத்திறன், டிஸோசியேஷன்: மூன்றும் சேர்ந்திருக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

நாள்பட்ட நோயாளிகளுக்கு எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் மூன்று விஷயங்களை நம்பி எழுதப்படுகின்றன. நேற்று நடந்தது இன்று ஞாபகம் இருக்கும். வலித்தால் வலிப்பது தெரியும். காலை மாத்திரையைப் போட்டவரும் ராத்திரி மாத்திரையைப் போடப்போகிறவரும் ஒரே ஆள். டிஸோசியேஷன் (நினைவும் உணர்வும் அடையாளமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும் நிலை) உள்ளவர்களால் இந்த மூன்றில் எதையும் நம்பி நாளைத் தொடங்க முடியாது. டிஸோசியேஷனுக்குச் சொல்லப்படும் யோசனைகளோ திடகாத்திரமான உடம்பை மனதில் வைத்தவை. எழுந்து நடங்கள், ஐஸ் கட்டியைக் கையில் பிடியுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள் என்பார்கள். வீல்சேரில் இருப்பவருக்கும், விரலில் உணர்ச்சி குறைந்தவருக்கும், நுரையீரல் நோயாளிக்கும் அதில் பாதி உதவாது. சில ஆபத்தாகவும் முடியும்.

மூட்டு நோய், வீல்சேர், டிஐடி (ஒரே உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமை நிலைகள் மாறி மாறி முன்னால் வரும் டிஸோசியேஷன் வகை) மூன்றோடும் வாழ்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் உறுதியாக நம்புவது இதுதான்: உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஞாபகத்திடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த நேரத்தில் உள்ளே யார் முன்னால் இருந்தாலும், தலை எவ்வளவு மங்கலாக இருந்தாலும், உடம்புக்கு வேண்டிய தகவல் கண்ணில் படும்படி, கைக்கு எட்டும்படி வெளியே இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ஆனால் இரண்டாவதையும் நான்காவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: என்ன இருக்கிறது என்று பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள்

நினைவு, உணர்வு, அடையாளம், உடல் அசைவு எல்லாம் சேர்ந்தே இயங்குவதால்தான் நம்மை நாம் ஒரே ஆளாக உணர்கிறோம். அந்தச் சேர்க்கை விட்டுப்போவதுதான் டிஸோசியேஷன். பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே 1889லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். புதிதாகக் கிளம்பிய விஷயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பல வகைகள் தனித்தனியாக இருக்கின்றன. தன்னையே வெளியில் நின்று பார்ப்பது போலவும் உலகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலவும் தோன்றுவது ஒன்று (டிபர்சனலைசேஷன்–டிரியலைசேஷன்). முக்கியமான நினைவுகள் காணாமல் போவது இன்னொன்று. ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமை நிலைகள் (இவற்றைத்தான் கீழே 'பகுதிகள்' என்கிறேன்) மாறி மாறி உடம்பை நடத்துவது டிஐடி. அது முழுதாக இல்லாமல் ஓரளவு இருந்தால் பகுதி டிஐடி என்று தனிப் பெயர் உண்டு. வலிப்பு போன்ற ஆட்டம், கை கால் பலவீனம், உணர்ச்சியின்மை என்று உடம்பில் வெளிப்படுவதும் இதே குடும்பத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

டிஐடிக்குப் பின்னால் பெரும்பாலும் சிறுவயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமைகள் இருக்கும். சிறுவயதில் வலி மிகுந்த சிகிச்சைகளைத் தொடர்ந்து அனுபவித்ததும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. பிறவியிலேயே நோயோடு வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் "எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லையே, அப்புறம் ஏன்?" என்று தங்களையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.

டிஸோசியேஷனை அளக்க 1986ல் வெளிவந்த டிஇஎஸ் என்ற 28 கேள்விகள் கொண்ட படிவம் பரவலாகப் பயன்படுகிறது. சராசரி 30ஐத் தாண்டினால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம், நோய் உறுதியாகிவிட்டது என்று அல்ல. அதை உறுதிசெய்ய இந்தத் துறை தெரிந்த மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ நேரில் பேசிப் பார்க்க வேண்டும்.

படி 2: மங்கலாகும்போது முதலில் உடம்பைச் சோதியுங்கள்

இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். தலை மிதக்கிறது, குரல்கள் தூரத்தில் கேட்கின்றன, நான் நானாக இல்லை என்றால் நமக்கு உடனே தோன்றுவது "டிஸோசியேட் ஆகிறேன்" என்பது. பழக்கப்பட்ட விளக்கம் என்பதால்தான் அது ஆபத்து. இதே மாதிரியான நிலையை உடம்பும் கொண்டுவரும்.

சர்க்கரை நோய் மருந்தில் இருப்பவருக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் குழப்பம், அந்நியத்தன்மை, பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் வரும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டிய நேரத்தில், கண்ணை மூடி கிரவுண்டிங் (விலகிய மனதை இந்த இடத்துக்கும் நேரத்துக்கும் திருப்பும் பயிற்சி) செய்துகொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. விழுங்க முடியாத அளவு மயங்கியிருப்பவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். மூளையின் டெம்போரல் பகுதியில் வரும் வலிப்பு, பார்க்காததைப் பார்த்தது போலவும், தன்னிலிருந்து தானே விலகுவது போலவும் காட்டும். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி, அதிகக் காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவு, நீர்ச்சத்து இழப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று பட்டியல் நீளும். எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு முன்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடும் பாட்ஸ் நோயிலும் உலகம் விலகிப்போவது போல இருக்கும். படுத்தால் சரியாகிவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதனால் உங்கள் நோய்க்கு ஏற்ற சிறு சோதனைப் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள்: சர்க்கரை, ஆக்ஸிமீட்டர், காய்ச்சல், துடிப்பு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசி மருந்து. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அதைக் கருவிகளோடு ஒரே டப்பாவில் வையுங்கள். சோதனை எல்லாம் சரியாக இருந்தால் கிரவுண்டிங்குக்குப் போகலாம்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுவது, நாக்குக் குழறுவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் மனநலச் சரித்திரம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வலிப்பு போன்ற ஆட்டம் வருபவர்கள் வீடியோ இஇஜி (ஆட்டத்தையும் மூளை அலைகளையும் ஒன்றாகப் பதியும்) பரிசோதனை கேளுங்கள். டிஸோசியேட்டிவ் வலிப்புக்கு வலிப்பு மாத்திரை வேலை செய்யாது. ஆனால் இரண்டு வகையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆகவே மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: ஒரு பக்கத் தாள்

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவாருங்கள். நோய்களின் பெயர், மருந்தும் அளவும், ஒவ்வாமை, உடம்பில் பொருத்தியிருக்கும் கருவிகள், யாரைக் கூப்பிட வேண்டும். அதன்கீழே நான்கு வரிகள்: "எனக்குச் சில நேரம் நினைவு விட்டுப்போகும். அப்போது மெதுவாகப் பேசுங்கள். தொடுவதற்கு முன் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, எந்த இடம் என்று சொன்னால் உதவும்." டிஐடி என்ற சொல்லை எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தேவையைச் சொன்னாலே பலருக்குப் போதும். கைப்பையில், வீல்சேரின் பின்பையில், போனின் பூட்டுத் திரையில் இருக்கும் அவசரத் தகவல் பகுதியில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும்.

படி 4: மருந்து

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது. நினைவு விட்டுப்போகும் ஒருவருக்கு மருந்தில் இரண்டு விபத்துகள் காத்திருக்கின்றன: போடாமல் விடுவது, இரண்டு தடவை போடுவது. இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

தினசரி மருந்துக்கு வாரப் பெட்டி வாங்குங்கள், நேரவாரியாகப் பிரித்தது. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. போட்டோமா என்று யோசிக்கவே வேண்டாம். அலாரம் அடிப்பதோடு நின்றுவிடாமல், பெட்டியில் போய்ப் பார் என்று அதில் எழுதுங்கள். தலை தெளிவாக உள்ள நாளில், முடிந்தால் இன்னொருவரோடு உட்கார்ந்து பெட்டியை நிரப்புங்கள்.

ஆனால் வலி வந்தால் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் பெட்டியில் இருக்காது. மோசம் நடப்பது அங்கேதான். காலையில் ஒருவர் போட்டிருப்பார். மத்தியானம் முன்னால் வந்தவருக்கு அது தெரியாது, வலி மட்டும் தெரியும். பாராசிட்டமால் சாதாரண மாத்திரை என்று நினைக்கிறோம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு, எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஆகவே மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள்: எடுத்த மாத்திரையின் குழிக்கு மேல் தேதியும் நேரமும். தனி நோட்டில் எழுதினால் அந்த நோட்டைத் தேட வேண்டியிருக்கும், அட்டையோ கையில்தான் இருக்கிறது. ஒரு நாளுக்கு உரியதை மட்டும் வெளியே வைத்து மீதியைப் பூட்டிவைப்பது இன்னும் நல்லது.

இன்சுலின் போடுபவர்கள், கடைசி ஊசியின் நேரத்தையும் அளவையும் காட்டும் பேனா உங்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் போட்ட கையோடு எழுதிவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் சர்க்கரையைச் சோதிக்காமல் அடுத்த ஊசி கிடையாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். "விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும்? போட்டேனா இல்லையா என்று தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" பதிலைப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். எல்லா மருந்துக்கும் ஒரே பதில் வராது. நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. தூக்க மருந்தையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் இரட்டிப்பாக்கக் கூடாது.

உங்களுக்குள் குழந்தைப் பகுதிகள் இருந்தால் எழுத்தை நம்பாதீர்கள். நிறம், படம், "இது பெரியவர்கள் மட்டும்" என்ற ஸ்டிக்கர் வையுங்கள். தன்னைக் காயப்படுத்த நினைக்கும் பகுதி இருந்தால் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் மருந்து இருப்பு வேண்டாம், மீதி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். இதை அவமானமாக நினைக்க ஒன்றுமில்லை. ஆபத்தான மருந்து எதுவாக இருந்தாலும் இப்படித்தான் பாதுகாக்க வேண்டும்.

படி 5: உள்ளே இருப்பவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்

டிஐடி உள்ளவர்கள் பலரின் அனுபவம் இது. உள்ளே ஒரு பகுதி இன்னும் ஏழு வயதில் இருக்கும். அதற்குத் தன்னால் ஓட முடியும் என்று நினைப்பு. இன்னொன்று இந்த நோய் வருவதற்கு முன்பே நின்றுபோயிருக்கும். வேறொன்று "இது என் உடம்பே இல்லை, எனக்கு எதற்கு மாத்திரை" என்று சொல்லும். இவர்களில் யார் திடீரென்று முன்னால் வந்து கட்டிலிலிருந்து எழுந்து நின்றாலும் விழுவது ஒரே உடம்புதான்.

விழித்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒரு அட்டை வையுங்கள். என்னுடையது இப்படி இருக்கிறது: "நீ பத்திரமாக இருக்கிறாய். இந்த உடம்பு வளர்ந்துவிட்டது. கால் மூட்டு தாங்காது, எழுந்து நிற்காதே. இடது பக்கம் வீல்சேர் இருக்கிறது, அது உனக்கும்தான். தண்ணீர் மேஜையில்." அதட்டாமல், விளக்கம் நீட்டாமல், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்புறம் எல்லோருக்கும் பொதுவான நோட்டுப் புத்தகம் ஒன்று. அதில் வாக்குவாதம் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டோம், எங்கே வலித்தது, யாரிடம் என்ன ஒப்புக்கொண்டோம். மாத்திரையை வெறுக்கும் பகுதியோடு சண்டை போட்டால் அது மறைத்துக்கொள்ளும். ஏன் வெறுக்கிறது என்று கேளுங்கள். பழைய நாளில் யாரோ கட்டாயப்படுத்தி வாயில் திணித்தது காரணமாக இருக்கலாம். அப்படியானால் மாத்திரையின் வடிவத்தை மாற்றுவது, திரவ மருந்து கேட்பது, யாரும் பக்கத்தில் நிற்காமல் தனியாகப் போட்டுக்கொள்வது என்று வழிகள் இருக்கின்றன. ஆளுமை மாற்றம் இல்லாமல் டிபர்சனலைசேஷன் மட்டும் உள்ளவர்களுக்கும் அந்த அட்டை பயன்படும். "இது நான்தான், இது என் கைதான்" என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: உணர்வுக்குக் காத்திருக்காமல் கடிகாரத்தை நம்புங்கள்

டிஸோசியேஷன் வலியை மறைக்கும். பசி, தாகம், சிறுநீர் முட்டுவதையும் சேர்த்தே மறைக்கும். வீல்சேரில் இருப்பவருக்கு இது படுக்கைப் புண்ணாக முடியும். உடம்பின் எடையை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி உட்கார வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு மணி நேரம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தால் தோல் அதற்குள் கெட்டிருக்கலாம். அதிரும் கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள், இரவில் தோலைப் பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள்.

தண்டுவடக் காயம் மார்புப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிறுநீர்ப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இடிக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது அறிகுறிகள். நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் அவசர உதவி வேண்டும்.

படி 7: சக்தியைச் செலவழிக்கும் கணக்கு

நாள்பட்ட களைப்பு உள்ளவர்களில் சிலருக்கு அதிகம் உழைத்ததன் பலன் உடனே தெரியாது, 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் படுக்கையில் தள்ளும். களைப்பை உணராத பகுதி ஒன்று வீடு முழுவதையும் துடைத்துவிட்டுப் போய்விடும். இரண்டு நாள் கழித்து முன்னால் இருப்பவர் காரணமே தெரியாமல் கிடப்பார். நோட்டில் செலவை எழுதினால்தான் இந்தத் தொடர்பு பிடிபடும். தெரபி அமர்வையும், தொலைபேசியில் அழுததையும், ஃப்ளாஷ்பேக் (பழைய அதிர்ச்சி மறுபடி நடப்பது போல் திரும்புவது) வந்த இரவையும் உழைப்பாகவே எழுதுங்கள்.

"கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்இ/சிஎஃப்எஸ் என்ற நாள்பட்ட களைப்பு நோய்க்கு இப்படி நிர்ணயித்த அளவில் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைத் தரக் கூடாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. மற்ற நோய்களுக்கு விதி வேறு. உங்கள் நோய்க்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 8: உங்கள் உடம்புக்கு ஏற்ற கிரவுண்டிங்

விரலில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட்ஸ் இருந்தாலோ ஐஸ் வேண்டாம், சுடுநீரும் வேண்டாம். மேடுபள்ளமான துணி, கனமான பொருள் ஏதாவது மடியில் இருக்கட்டும். ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்கள் காட்டமான வாசனையைத் தவிர்க்க வேண்டும். மூட்டு எளிதில் நழுவுபவர்கள் கை காலை இழுத்து நீட்டக் கூடாது. மூச்சு நோயாளிகள் மூச்சைப் பிடித்துவைக்கும் பயிற்சிக்குப் பதிலாக, சுற்றியுள்ள பொருட்களின் பெயரை உரக்கச் சொல்லலாம்.

நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் "உடம்பைக் கவனியுங்கள், பாதத்திலிருந்து மேலே வாருங்கள்" என்று சொல்வது பெரும்பாலும் தவறான ஆலோசனை. உடம்புக்குள் போனால் வலிதான் இருக்கிறது, உடனே மறுபடி விலகிவிடுவோம். அவர்கள் கவனத்தை வெளியே வைக்க வேண்டும்: இன்றைய தேதி, சுவரின் நிறம், அறையில் உள்ள சதுரப் பொருட்கள். பிறகு வேண்டுமானால் வலிக்காத ஒரு இடம், காது மடலோ மூக்கு நுனியோ, அங்கே மட்டும் கவனத்தைக் கொண்டுபோகலாம். கையில் ரப்பர் பேண்டைச் சுண்டும் பழக்கம் வேண்டாம். ஸ்டீராய்டால் தோல் மெலிந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கும் அது நேரடியாகக் காயம்.

படி 9: மருத்துவமனை, அறுவை சிகிச்சை

மனநோய்ப் பெயர் கோப்பில் இருந்தால் உடம்பின் அறிகுறிகளையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படி நடக்கும்போது அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு இந்த மனநலப் பிரச்சினை இல்லாமல் இதே அறிகுறியோடு வந்திருந்தால் என்ன பரிசோதனை செய்திருப்பீர்கள்?" கூட ஒருவர் இருந்து குறிப்பெடுத்தால் இன்னும் வலுவாக இருக்கும். மருத்துவர் சம்மதித்தால் உரையாடலைப் பதிவு செய்யுங்கள், பாதியில் நீங்கள் மாறிவிட்டாலும் தகவல் மிஞ்சும்.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணரிடம் டிஸோசியேஷன் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். பதற்றம் தணிக்கத் தரும் மிடாசோலம் நினைவைப் பதியவிடாது. கெட்டமைனின் இயல்பே விலகலை உண்டாக்குவது. வேறு வழி இருக்கிறதா என்று அவர் பார்க்கலாம், இல்லாவிட்டாலும் தயாராக இருக்கலாம். கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்றும், தேதியையும் இடத்தையும் முதலில் சொல்ல வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: என்ன நடக்கும், எங்கே தையல் இருக்கும், அதைப் பிரிக்கக் கூடாது.

படி 10: தெரபியும் உரிமையும்

டிஐடிக்கு என்று தனி மருந்து கிடையாது. மன அழுத்தம், பதற்றம், தூக்கம் இவற்றுக்குத்தான் மருந்து தருவார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் பேச்சுச் சிகிச்சை மூன்று கட்டமானது: முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், அப்புறம் அதிர்ச்சி நினைவுகள், கடைசியாக ஒருங்கிணைந்து வாழப் பழகுவது. உடம்பு ஆட்டம் கண்டிருக்கும் மாதங்களில் முதல் கட்டத்திலேயே நிற்கலாம். பழைய நினைவைக் கிளறச் சொல்லி அவசரப்படுத்தும் தெரபிஸ்டிடம் மறுத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. பகுதிகள் ஒன்றாகிவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒத்துழைத்து வாழ்வதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2006ல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நீண்டகால மனநலக் குறைபாட்டையும் உடல் குறைபாட்டோடு சேர்த்தே சொல்கிறது. நியாயமான வசதிகளை மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. வேலையிடத்தில் கேட்கும்போது நோயின் கதை வேண்டாம். "கூட்டத்தில் முடிவானதை எழுத்தில் தாருங்கள்", "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை வேண்டும்" என்று தேவையை மட்டும் கேளுங்கள்.

படி 11: மோசமான நாளுக்கான தாள்

இதை நல்ல நாளில் எழுத வேண்டும். வரும் அறிகுறிகள் என்ன, முதலில் யாருக்குப் போன், அவர் எடுக்காவிட்டால் யார், எந்த மருத்துவமனை, வீல்சேர் சார்ஜர் எங்கே, வீட்டுச் சாவி யாரிடம். அடுப்பு, வாகனம் இரண்டையும் அன்று தொடக் கூடாது என்று தனி வரி. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், எந்தப் பகுதிக்கு வந்தது என்று ஆராயாமல் தனியாக இருப்பதை உடனே நிறுத்தி, ஒருவரைக் கூப்பிடுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர சிகிச்சையையோ நாடுங்கள். அந்த எண்களைத் தாளின் மேல் வரியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மருந்தோ தொடர்பு எண்ணோ மாறிய அன்றே எல்லாத் தாள்களையும் மாற்றி, மூலையில் தேதி போட்டு, பழையதைக் கிழித்துவிடுங்கள். பழைய தாள் எங்காவது கிடந்தால், மாற்றம் தெரியாத ஒருவர் அதைக் கண்டெடுத்து, அதில் உள்ளபடியே மருந்து போட்டுக்கொள்வார்.